பதினொரு பீப்பாக்கள்

அறுவடை முடிந்த வயலில் பதினொரு தார்ப்பீப்பாக்கள் நின்றன. பரமலிங்கத்தின் பழைய ஒஸ்ரின் கார் அவற்றை வளைத்து வளைத்து ஓடிவந்து நின்றது.

"ஐம்பத்திரண்டு செக்கன்," என்றான் நண்பன் நடராசா, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. "சீற்றைக் கழட்டிப் பலகை அடிச்சாய், வில்லுத்தகடும் மாத்தினாய். மண்ணெண்ணெயிலை ஓடுற காரை எந்த வகுப்பிலையடா போட்டிக்குச் சேர்ப்பாங்கள்?"

பரமலிங்கம் பலகையில் கட்டியிருந்த தண்ணீர்க்குடத்தை எட்டிப் பார்த்தான்.

"சிந்தியிருக்கு. திரும்ப ஓடவேணும்."

"கொழும்பிலை படிக்கேக்கை காரோட்டப் போட்டியிலை கப் எடுத்தனீயே, அங்கையும் குடத்தோடையோ ஓடினனீ? உன்ரை மனிசி ஞானாம்பிகை போய் மூண்டு மாசம். அதுக்குள்ளை உனக்குக் கார் விசர் பிடிச்சிட்டுது எண்டு ஊர் கதைக்குது."

"கதைக்கட்டும்."

"போட்டி எப்ப எண்டாவது சொல்லன்."

"பத்மாசினிக்கு எப்ப நாள் குறிச்சிருக்கினம்?"

"என்ரை மனிசிக்கோ? வாற மாசம் பிள்ளை பிறக்கும். அதுக்கும் இதுக்கும்…"

நடராசா பாதியில் நிறுத்தினான். பீப்பாக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஆஸ்பத்திரி வீதியில் ஷெல் விழுந்து குழியான கிடங்குகளும் பதினொன்று. முதல் இரண்டும் நெருக்கம், பிறகு ஒரு வளைவு. அந்த வீதி முழுவதும் வயலில் கிடந்தது. அந்தக் கிடங்குகளில் குலுங்கிக் குலுங்கித்தான் நிறைமாத ஞானாம்பிகை, இதே காரில், வழியிலேயே இறந்துபோனாள்.

நடராசா கிணற்றடிக்குப் போனான். தண்ணீர் கொண்டுவந்து குடத்தை விளிம்புவரை நிரப்பினான். பிறகு காருக்குள் ஏறி, குடத்தின் பக்கத்தில் பலகையில் நீட்டிப் படுத்தான்.

"இப்ப ஓடு, மச்சான்."