வாசலில் வைத்த வாளி

புயல் ஓய்ந்த மறுநாள் பிலோமினா தெருவுக்கே சோறாக்கிக் கொடுத்தாள். தனியாக இருக்கும் இந்திராணியின் வீட்டில், அவளைப் போலவே பேசக் கற்ற கருவி பொருத்திய கதவுதான் அவள் குரலில் பேசியது. அவள் வேலையாக இருந்தாலும் தூங்கினாலும் அவளுக்குப் பதில் எப்போதும் அதுதான் பேசும்.

“எனக்கு ஒண்ணுமில்லக்கா. வாசல்ல வச்சுட்டு, புள்ளைக்காரங்க வீட்டப் போய்ப் பாருங்க.”

இந்திராணியின் குணமே அதுதான். பிலோமினா தூக்குவாளியை வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் எடுக்க வந்தபோது வாளி கனத்தது. யார் பாத்திரத்தையும் இந்திராணி வெறுமனே திருப்பித் தரமாட்டாள். நாலு எலுமிச்சம்பழமாவது போட்டுத்தான் தருவாள். இந்தக் கஷ்டத்திலும் என்னத்தைப் போட்டிருக்கிறாளோ என்று சிரித்துக்கொண்டே பிலோமினா மூடியைத் திறந்தாள்.

நேற்று வைத்த சோறு கைபடாமல் ஊசிப்போயிருந்தது.

“சோறு ருசியா இருந்துச்சுக்கா,” என்றது கதவு.