புதன்கிழமைக் கல்யாணம்

சாவடிச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை முனிலட்சுமி நிறுத்தி நிதானமாகப் படித்தாள்.

ஊரே சுற்றி நின்றது. நாலு பக்கமும் ஓசூர் தாலுகா சூழ்ந்திருக்க, நடுவில் மைசூரைச் சேர்ந்திருந்த ஒற்றைக் கிராமம் அது. இந்த ஐம்பதாம் வருஷம் மதராஸ் சர்க்கார் அதையும் சேர்த்துக்கொண்டது. கையோடு தமிழில் ஒரு நோட்டீஸையும் ஒட்டிவிட்டது.

அங்கே எல்லோரும் தமிழ் பேசுவார்கள். படித்ததென்னவோ கன்னடப் பள்ளிக்கூடம். தமிழெழுத்து தெரிந்தவள், ஊத்தங்கரையிலிருந்து வாழ வந்த முனிலட்சுமி ஒருத்திதான்.

ஒன்பது வருஷமாக அவளை ஒரு வார்த்தை கேட்காத புருஷன் சென்னப்பன்கூட இன்று அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வருகிற புதன்கிழமை அவனுக்கு இரண்டாம் கல்யாணம்.

பிள்ளை இல்லை என்பது சாக்கு. நாராயணம்மாவோடு வரும் மாந்தோப்புதான் காரணம். அவள் வந்துவிட்டால் முனிலட்சுமிக்கு மாட்டுக்கொட்டகைதான். அழுது பார்த்தாள், ஊர்த்தலைவர் பட்டேலிடம் முறையிட்டாள். சட்டத்தில் தடையில்லை என்று அவர் கைவிரித்துவிட்டார்.

திங்கட்கிழமை முதல், வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இன்றுவரை போட்ட மதராஸ் சட்டமெல்லாம் இங்கும் செல்லும் என்று படித்தாள். சக்கரவர்த்தி என்று வரும் இடமெல்லாம் சர்க்கார் என்று கொள்க என்றதும் ஆட்கள் சிரித்தார்கள். கள் இறக்கினால் ஜெயில் என்றதும் சிரிப்பு நின்றது. ஏரிக்கரைப் புளியமரங்கள் இனி ஏலம் என்றதும் முணுமுணுத்தார்கள்.

அதற்கடுத்ததைக் கண்ணால் மட்டும் படித்தாள். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“அவ்ளோதானா? கீழ இன்னும் நாலு வரி இருக்குதே?” என்றான் சென்னப்பன்.

“அது அச்சடிச்ச ஆபீசு பேருங்க. நீங்க கல்யாணத்தப் புதன்கிழமையே வெச்சுக்கங்க, நல்ல நாளு.”

சென்னப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிடலாம் என்று பெண் வீட்டார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேண்டாம், மூத்தவளே நாள் சொல்லிவிட்டாள் என்று அப்போதே ஆள் அனுப்பினான்.

முனிலட்சுமி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். செவ்வாய்க்கிழமை நாராயணம்மாவின் அப்பாவை அழைத்து வந்து அந்த நாலு வரியையும் படித்துக் காட்ட வேண்டும். பெண்ணைப் பெற்றவர், உடனே புரிந்துகொள்வார்.

‘மனைவி உயிரோடிருக்கையில் மறுமணம் செய்தால் அது செல்லாது. ஏழு வருஷம் வரை ஜெயில். திங்கட்கிழமைக்கு முன் நடந்த கல்யாணங்களுக்கு இது பொருந்தாது.’