சோத்து மணி

“இண்டையிலிருந்து இந்தச் சபையிலை சோத்து மணி அடிக்காது!”

புதுத் தவிசாளர் சுதாகரன் சொன்னதும் பிரதேச சபை மண்டபமே சிரித்தது.

பின்னே? பழைய தவிசாளர் தியாகலிங்கம் பதினாறு வருசம் அந்தக் கதிரையில் இருந்தவர். மாத அமர்வில் எவ்வளவு முக்கியமான கதை நடந்தாலும் சரி, பன்னிரண்டரை ஆனால் மணியை அடிப்பார். “எனக்குப் பசிக்குது. ஒரு மணித்தியாலம் இடைவேளை!” எழும்பிப் போய்விடுவார்.

எதிர்க்கட்சியில் இருந்த சுதாகரன் சந்தை வாய்க்காலைப் பற்றிக் கதைக்க எழும்பிய ஏழு தரமும் அந்த மணிதான் குறுக்கே வந்தது. எரிச்சல் வராதா? ‘சோத்து மணி’ என்று பெயர் வைத்ததே அவர்தான்.

அன்று காலை மணியைக் கையில் கொடுக்கும்போதுகூடப் பெரியவர் தியாகலிங்கம் சொன்னார்: “தம்பி, பன்னிரண்டரையை மட்டும் மறந்திடாதையும்.”

“உங்கடை வயிறு வேறை, என்ரை வயிறு வேறை ஐயா. ரெண்டு நீத்துப்பெட்டி புட்டுச் சாப்பிட்டிட்டு வந்தனான். பொழுதுபடுமட்டும் தாங்கும்!”

பெரியவர் சிரித்துக்கொண்டே போனார்.

பன்னிரண்டரை. வாய்க்கால் விவாதம் சூடுபிடித்தது.

பன்னிரண்டே முக்கால். கூட்டக் குறிப்பு எழுதும் குணலட்சுமியின் பேனை நின்று நின்று ஓடியது. கண் சுவர் மணிக்கூட்டிலேயே.

சுதாகரன் கிட்டக் கூப்பிட்டார். “என்ன அக்கா, உங்களுக்கும் பசியோ?”

“இல்லை சேர்...” கண் கலங்கிவிட்டது. குரலைத் தாழ்த்தினார். “வீட்டிலை என்ரை மகள். இருபத்தொரு வயசு, எழும்பி நடக்கேலாது. நான் சோறு குழைச்சுத் தீத்தினால்தான் வாய் திறப்பாள். மற்ற நாளிலை சாப்பாட்டு நேரத்துக்கு ஓடிப்போய்க் குடுத்திட்டு வருவன். அமர்வு நாளிலை எழுதுறதை விட்டிட்டு எழும்பேலாதே.”

“அப்ப இவ்வளவு காலமும்?”

“பெரிய சேர் மணி அடிப்பார்.”

சுதாகரன் திகைத்துப்போனார். “ஒருத்தருக்கும் சொல்லேல்லையே மனுசன்!”

“நான்தான் கும்பிட்டுக் கேட்டனான், நாலு பேர் என்னைப் பாவம் பார்க்க வேண்டாமெண்டு. உண்மையிலை அவர் மத்தியானத்திலை சாப்பிடுறதே இல்லை சேர். உள்ளுக்கை போய் பேப்பர் பாத்துக்கொண்டு இருப்பார்.”

“தவிசாளர் அவர்களே, நான் தொடரட்டோ?” பின்வரிசையிலிருந்து ஓர் உறுப்பினர் கேட்டார்.

சுதாகரன் மணியை எடுத்து ஓங்கி அடித்தார்.

“இருங்கோ காணும்! எனக்குப் பசிக்குது!”