பல் டாக்டரின் ரசனை

"நம்ம எலெக்ட்ரானிக் இசைக்குழு புது ஆல்பத்துல தடம் மாறிட்டாங்களாம்! எழுதியிருக்கான் பாரு ஒரு விமர்சகன்," என்று பல் டாக்டர் துளைக்கும் கருவியை எடுத்தார்.

"அவர் சொல்றதும் நியாயம்தானே டாக்டர்? பழைய துள்ளல் எங்க? ஒரே இரைச்சல்," என்றாள் நர்ஸ். அவளும் அந்தக் குழுவின் ரசிகைதான்.

"இரைச்சலா?" கருவி பல்லுக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

வாய் நிறையப் பஞ்சோடு நாற்காலியில் கிடந்தவர், 'போதும் தாயே, விட்டுடு' என்று நர்ஸைக் கண்ணாலேயே கெஞ்சினார்.

"நீங்களே சொல்லுங்க சார், அவனுக்குக் காதுன்னு ஒண்ணு இருக்கா?"

இல்லவே இல்லை என்று அவர் அவசரமாகக் கையை ஆட்டினார்.

மறுவாரம் பத்திரிகையில் அந்த விமர்சகரின் புனைபெயரில் ஒரு கட்டுரை வந்தது: 'மறுபடி கேட்டேன். அது இரைச்சல் அல்ல, புதிய பாதை. கோளாறு என் காதில்தான்.'

எழுதியவருக்கு அதே டாக்டரிடம் இன்னும் இரண்டு பல் பாக்கி இருந்தது.