துரத்தி வந்த ஆட்டோ

தெருவில் இறங்கியதிலிருந்தே அந்தப் புது ஸ்கூட்டருக்குப் படபடப்பு. போகிற வருகிற வண்டியெல்லாம் அதைப் பார்த்துக் கத்தின. ‘நான் என்ன தப்பு பண்ணினேன்?’ என்று பயந்து, வேகத்தைக் கூட்டியது. ஓர் ஆட்டோ விடாமல் துரத்தி வந்து, வளைவுக்கு முன்னால் குறுக்கே நின்றது.

“காதுல விழலையா? சைடு ஸ்டாண்டை மடக்கு! அப்படியே திரும்பியிருந்தா குப்புற விழுந்திருப்ப!”

ஸ்கூட்டர் ஸ்டாண்டை மடக்கிவிட்டு, நன்றி சொல்ல நிமிர்ந்தது. ஆட்டோ வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த சிக்னலில் ஒரு பைக், ஸ்டாண்டு தொங்கியபடி பறந்தது. ஸ்கூட்டர் பதறிப்போய்க் கத்தியது.

“உன் வேலையைப் பாத்துக்கிட்டுப் போ!” என்று பைக் முறைத்துவிட்டு இன்னும் வேகமெடுத்தது.

ஸ்கூட்டர், தான் திரும்பவேண்டிய தெருவையும் தாண்டி, அதைத் துரத்திக்கொண்டு ஓடியது.