அடித்த நாட்கள்

“மூண்டு தரம் அடிச்சார்,” என்றாள் ஸல்ஹா, திரைக்குப் பின்னாலிருந்து.

“எந்தெந்த நாள் எண்டு ஞாபகம் இரிக்கா, மகள்?” காதியார் பேனையை மைக்கூட்டில் தொட்டார்.

“ஓம்.”

ஸுஹைர் கதிரையின் நுனியில் இருந்தான். அவளுக்குக் கணவனாகிப் பதினொரு மாதம். ஒருநாள்கூட அவளை அவன் அடித்ததில்லை.

காதியார் வீட்டு முன்னறைதான் மணமுறிவு வழக்குகளைக் கேட்கும் காதிக் கோடு. பிரிவு கேட்டு வந்தவள் திரைக்கு அந்தப் பக்கம். அவன் இந்தப் பக்கம். சுவரோரம் மூன்று ஜூரிமார். அவர்களில் ஒருவன் பாயிஸ். துறைமுக ஜெட்டியில் ஸுஹைரோடு மூட்டைக் கணக்கு எழுதுகிறவன், பின்னேரங்களில் அவனோடு கரம் பலகை விளையாடுகிறவன்.

“இவனோ அடிச்சவன்?” பாயிஸ் சிரித்தான். “காதியார், இவன் கரம் காயையே தடவித்தான் விடுறவன்.”

“சும்மா இரும் காணும்,” என்றார் காதியார்.

ஸுஹைர் தரையைப் பார்த்தான். அவள் ஏன் இப்படிச் சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரியும்.

முதல் இரவிலிருந்தே அப்படித்தான். தொடங்குமுன்னரே அவனுக்கு முடிந்துவிடும். ஸல்ஹா கண்ணைத் திறக்கும்போது அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பான்.

அதை அவள் இங்கே வாய்விட்டுச் சொன்னால், நாளைக்கு ஜெட்டி முழுக்க அந்தக் கதைதான். அதனால் அடித்தான் என்கிறாள். போகிற போக்கிலும் அவன் மானத்தைக் காப்பாற்றிவிட்டுப் போகிறாள்.

“மறுக்கிறதெண்டா மறுக்கலாம், தம்பி,” என்றார் காதியார். “அப்ப மகளிட்டக் குர்ஆன்ல சத்தியம் வாங்குவன்.”

குர்ஆனைத் தொட்டு ஸல்ஹா பொய் சொல்லமாட்டாள்.

ஓம் என்றால் அவள் போய்விடுவாள். இல்லை என்றால் பாயிஸுக்கு முன்னால் உண்மை வந்துவிடும்.

யன்னலுக்கு வெளியே, உள்துறைமுகத்தில், பல நாட்களாக ஒரு கப்பல் அசையாமல் நின்றது. அறைக்குள் காற்றே இல்லை.

“நாளைச் சொல்லுங்க, மகள்.”

“பாணுக்கு விடிய வரிசையில நிண்ட அண்டைக்கு.” அவள் நிதானமாகச் சொன்னாள். “ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அடுத்த நாள். பிறகு, மழைக்கு லோஞ்சிப் படகு ஓடாத அண்டைக்கு.”

அவள் ஏதோ வாயில் வந்த நாட்களைச் சொல்லப்போகிறாள் என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

அந்த மூன்று நாட்களும் அவனுக்கும் ஞாபகம் இருந்தன.

பேக்கரியில் பாண் வாங்கி வந்த அன்று அவள் இரவில் நடப்பதைப்பற்றிப் பேச வாயெடுத்தாள். பாண் கருகிப்போயிருக்கிறது என்று அவன் கத்தினான். பெருநாளுக்கு அடுத்த நாள் அவள் கேட்டு முடிக்குமுன் எழுந்துபோய் ரேடியோச் சத்தத்தைக் கூட்டிவைத்தான்.

லோஞ்சி ஓடாத அன்று, மத்தியானம், அவள் அவன் முதுகில் கை வைத்தாள்.

‘கெதியா முடியிறது எனக்குப் பெரிசில்ல. முடிஞ்ச பிறகு நீங்க எங்க போறீங்க? இஞ்சால திரும்பி என்னோட கதையுங்களன்.’

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கினான். பொழுதுபடும்வரை ஆளில்லாத ஜெட்டியில் நின்றான்.

குர்ஆனைத் தொட்டாலும் அவள் இதே மூன்று நாட்களைத்தான் சொல்வாள் என்று அவனுக்குப் பட்டது. அவளுக்கு அவைதான் அடி விழுந்த நாட்கள்.

“ஓம், காதியார்,” என்றான். “மூண்டும் உண்மை.”

பாயிஸின் சிரிப்பு நின்றுபோனது.

பேனை தாளில் ஓடத் தொடங்கியது. எல்லாம் முடிந்துவிட்டது. யாருக்கும் எதுவும் தெரியாது. அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு போகலாம்.

எழுந்தவன் திரைக்கு முன்னால் போய் நின்றான்.

“ஸல்ஹா, நாலு மாசத்துக்கு முதல் ஓர்ஸ் ஹில்லில ஒரு டொக்டரிட்ட ஒளிச்சுப் போனனான்.”

காதியாரின் பேனை நின்றது.

“கன பேருக்கு இரிக்கிறதுதானாம். கெதியா முடியிறதை மாத்தலாமாம். ஆனா தனிய ஏலாதாம், பொஞ்சாதியும் சேந்து வரவேணுமாம். உங்களிட்ட நான் சொல்லேல்ல.”

பின்னால் ஒரு கதிரை தரையில் உராய்ந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

“வியாழக்கிழமை என்னோட வருவீங்களா?”