பத்து நிமிட நடையில் காப்பகம்

"சக்கரத்துக்கு அப்புறம் மனுஷன் கண்டுபிடிச்ச பெரிய விஷயம் நம்ம பகல்நேரக் குழந்தைகள் காப்பகத் திட்டம்தான்!" என்றார் நகரத் திட்ட அதிகாரி. "எந்த வீட்டிலேருந்தும் பத்து நிமிஷ நடை. ஏழைக்கும் கட்டுப்படியாகும்."

கூட்டம் கைதட்டியது. சுவர் வரைபடத்தில் காப்பகங்கள் பச்சைப் புள்ளிகளாகப் பூத்திருந்தன. ஊரில் இன்னும் ஒன்றுகூடப் பூக்கவில்லை.

மூலையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த தட்டச்சரின் மேசைக்கடியில் ஒரு குழந்தை சிணுங்கியது.

"ஏம்மா, இது ஆபீஸா, தூளி கட்டுற மரத்தடியா? நாளையிலேருந்து இதைத் தூக்கிட்டு வராதே," என்று அதட்டினார் அதிகாரி.

"எங்க சார் விடறது? வீட்டுக்காரருக்கும் பகல் வேலை."

"மேப்பைப் பாரு. உன் தெருவிலேயே புள்ளி இருக்கு!"

"இருக்கு சார். அதுல பிள்ளையைப் படுக்க வைக்க முடியலையே."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்காமல் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள்.

கூட்டம் கலைந்தது. அதிகாரி எழவில்லை. தட்டச்சரைத் தவிர எல்லோரும் போனபின், தன் மேசை விரிப்பை மெல்லத் தூக்கினார். உள்ளே, சுருட்டி வைத்த வரைபடங்களின் மேல் அவருடைய மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா..." அவர் குரல் இறங்கியிருந்தது. "இப்போ நான் காப்பகத்துக்கு அடிக்கல் நாட்டப் போகணும். உங்க மேசைக்கடியில இவளுக்கும் கொஞ்சம் இடம் இருக்குமா?"